சுமந்தவர் பெயர் எங்கே?

கண்டி நகரின் மகியாவக் கல்லறைத் தோட்டத்திலே ஒரு கல் நிற்கிறது. ஜேம்ஸ் டெய்லர் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. இலங்கைத் தீவின் தேயிலைத் தொழிலுக்கும் சிங்கோனாத் தொழிலுக்கும் இவரே முன்னோடி என்று பார்ப்போருக்கு உரைக்கிறது. 1892-ஆம் ஆண்டு மே திங்களில், தமது 57-ஆம் வயதில் மறைந்தார் என்றும் குறிக்கிறது.

கல் கூறுவது பொய்யன்று. ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்திலே பிறந்து, பதினாறு வயதிலே கப்பலேறி, 1852-இல் இலங்கை மண்ணிலே கால் வைத்தவர் அவர். லூல்கந்துரைத் தோட்டத்தில், 1867-இல், 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை ஊன்றியவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் அந்த மலையை விட்டு நீங்காமல் உழைத்தவர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை விடுமுறை எடுத்தார் என்பர். அந்த விடுமுறையிலும் டார்ஜிலிங் சென்று தேயிலையைத்தான் பார்த்து வந்தாராம்! உழைப்பாளி, ஐயமில்லை. அவருக்குக் கல் எழுப்பியதில் நமக்கு வருத்தமும் இல்லை.

அவர் இறந்தபோது நிகழ்ந்ததை அவரைப் பற்றிய நூல்கள் விரிவாகவே எழுதுகின்றன. பருத்த உடல். தோட்டத்திலிருந்து கண்டிக்கோ மலைப்பாதை. அந்த உடலைத் தோட்டத் தொழிலாளர்கள், முறை மாற்றி முறை மாற்றித் தோளிலே சுமந்து கண்டி வரை கொண்டு சேர்த்தனர். 'சாமித்துரை' என்று அவரை அழைத்தவர்கள் அவர்கள். தமிழர்கள். மதுரையிலும் இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் தஞ்சையிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் புறப்பட்டுப் போனவர்கள், அல்லது போனவர்களுடைய பிள்ளைகள்.

சுமக்கப்பட்டவரின் பெயர் கல்லிலே இருக்கிறது, ஏட்டிலே இருக்கிறது, உலகத் தேயிலை வணிகத்தின் வரலாற்றிலே இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் எங்கே?

இந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டுதான் அண்மையில் சில ஏடுகளைப் புரட்டினேன். குடியேறியவர்கள் தாம் குடியேறிய ஊரைப் பற்றி எழுதி வைத்த ஏடுகள். வெள்ளையர் இந்த வகையிலே சோம்பல் அறியாதவர்கள். ஒரு மலையிலே நான்கு வீடு கட்டிக் குடியமர்ந்தால் ஐந்தாவதாக ஒரு புத்தகம் எழுதிவிடுவார்கள். நம் நீலகிரியையே பாருங்களேன்! கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் உதகையிலே முதல் கல்வீட்டைக் கட்டியது தொடங்கி, எந்தப் பங்களாவை எவர் எவருக்கு விற்றார் என்பது வரை பிரடெரிக் பிரைஸ் என்பவர் 1908-இல் ஒரு பெருநூலாகவே எழுதி வைத்துவிட்டார். நம்முடைய ஊர்களிலே ஐந்நூறு ஆண்டு வாழ்ந்த குடும்பத்துக்கு மூன்றாம் தலைமுறைப் பாட்டன் பெயர் தெரியாது. அவர்களுக்கோ உதகையின் வேலி மாறிய தேதி கூடத் தெரியும்!

இலங்கை மலைநாட்டைப் பற்றி அவர்கள் எழுதியவை இன்னும் மிகுதி. எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகள். காப்பிப் பயிரிடும் முறை பற்றி சபோனடியர் 1866-இல் எழுதிய நூல். காட்டை வெட்டிக் காப்பி வைத்த தொடக்க நாட்களை நினைவு கூர்ந்து மில்லி என்ற தோட்டத்துரை 1878-இல் வெளியிட்ட நூல். எந்தத் தோட்டம் எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், துரை யார் என்று பட்டியலிட்ட ஃபெர்குசன் கையேடுகள். படிக்கச் சுவையானவை சில, பயனுள்ளவை பல. யானை வருகிறது, அட்டை கடிக்கிறது, மழை கொட்டுகிறது, துரை காய்ச்சலிலே கிடக்கிறார், குதிரை வழுக்கி விழுகிறது. குதிரைக்குக் கூடப் பெயர் கிடைக்கும் இத்தகைய நூல்களிலே, காட்டை வெட்டியவன் மட்டும் 'கூலி' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப் போகிறான்.

ஒரு நூலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிறிய நூல்தான். புதிதாகத் தோட்டத்துக்கு வரும் இளம் வெள்ளையர் தமிழ் பயில்வதற்காகக் கொழும்பில் ஃபெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட கையடக்க நூல். அதன் பெயர் 'இங்கே வா'. சின்னத்துரையின் தமிழ் வழிகாட்டியாம் அது! பின்னர் 1915-இல் வெல்ஸ் என்பவர் இதே நோக்கத்தோடு ஒரு நூல் செய்தார். அதன் பெயர் இன்னும் வெளிப்படையானது: 'கூலித் தமிழ்'.

நான் வரலாற்றோடு தமிழும் கற்பிக்கிறவன். மாணவர்க்கு ஏவல் வினை கற்பிக்கும்போது, 'வா' ஒருமை, 'வாரும்' மரியாதை, 'வாருங்கள்' அதனினும் மரியாதை என்று கரும்பலகையிலே எழுதுவேன். சங்கப் புலவனும் வள்ளுவனும் இளங்கோவும் ஆண்ட மொழியிலே, கடல் கடந்து வந்த ஒருவன் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளத் தக்க தொடர் எது என்று தேர்ந்தார்கள்? 'இங்கே வா'! ஒருமையிலே ஓர் ஏவல். அந்தத் தமிழைக் கற்றவர் எதிரிலே நின்றவரிடம் உன் ஊர் எது, உன் தந்தை யார், நீ எவ்வாறு இங்கு வந்தாய் என்று கேட்டு எழுதியிருப்பார் என எதிர்பார்ப்பது நம் பேதைமை. 2014-இல் மு. நித்தியானந்தன் அவர்கள் 'கூலித் தமிழ்' என்ற அதே பெயரிலே ஒரு கட்டுரை நூல் வெளியிட்டு, இந்தக் கையேடுகளையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். இகழ்ச்சிக்கு இட்ட பெயரை ஆராய்ச்சிக்கு இட்ட பெயராக மாற்றினார்.

எவ்வாறு சென்றார்கள் அம்மக்கள்? கண்டி அரசு 1815-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1820-களிலே கம்பளைப் பக்கத்தில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் காப்பி வைத்தார். ஆளுநர் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையிலே காப்பித் தோட்டக்காரரானார். காடும் மலையும் யாருக்கும் சொந்தமென்று பத்திரம் காட்ட முடியாதவை அரசுக்கே சொந்தம் என்று 1840-இல் ஒரு சட்டம் பிறந்தது. அந்தக் காட்டிலே தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த சிங்களச் சிற்றூர் மக்களிடம் பத்திரம் ஏது? நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குப் போயிற்று. ஆளுநர் முதல் படைத்தலைவர் வரை வாங்கினர். இதையும் நாம் மறக்கலாகாது: துரைமார் ஏடுகளிலே இடம் பெறாதவர்கள் தமிழ்த் தொழிலாளர் மட்டுமல்லர், நிலம் இழந்த கண்டிச் சிங்கள உழவனும் அவற்றிலே பெயரற்றவன்தான். பெயரற்ற இருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராக்கியது பிற்கால அரசியல்.

நிலம் கிடைத்தது, கை வேண்டுமே! இக்கரையிலே பஞ்சம் இருந்தது, கடன் இருந்தது, சாதி இருந்தது. சென்றவர்களிலே பெரும்பாலோர் நம் ஊர்களின் சேரிகளிலே வாழ்ந்தவர்கள், நிலமற்றவர்கள். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் இராமேசுவரத்திலும் தோணியேறினர். மன்னார்க் கரையிலே இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு நடந்தனர். அடர்ந்த காடு, குளம் வற்றிய வறண்ட நிலம், காய்ச்சல், வாந்திபேதி, அம்மை. 1841 முதல் 1848 வரையிலான காலத்தில் மட்டும் 70,000 பேர் மாண்டனர், அஃதாவது வந்தவருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டனர் என்று 1849-இல் கொழும்பு ஆங்கில ஏடு ஒன்று கணக்கிட்டது. கணக்கிட்டவர் துரைமாரின் பகைவரல்லர். அவர்களுக்காகவே நடந்த ஏடு அது.

எழுபதாயிரம் பேர்! ஒரு போரிலே இத்தனை பேர் இறந்திருந்தால் போருக்கு ஒரு பெயர் இருக்கும், ஆண்டுதோறும் ஒரு நாள் இருக்கும், பாடநூலிலே ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பாதையிலே இறந்தவர்களுக்கு எதுவும் இல்லை. பிழைத்தவர்கள் வழியெங்கும் மாரியம்மனுக்குக் கல் நட்டுக்கொண்டே போனார்கள். அந்தக் கற்களைத் தொடர்ந்து சென்றால் பாதை தெரியும் என்கிறார்கள். தெய்வத்துக்கு நட்ட கல்லே, நட்டவனுக்கும் ஆவணமாயிற்று.

காப்பிக்காலத்திலே சென்றவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் சில திங்களுக்குத்தான் கூட்டம் வேண்டும். முடிந்ததும், உயிரோடிருந்தால், ஊருக்கு நடை. 1869-இல் காப்பி இலையிலே துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளிலே காப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது. தேயிலை ஆண்டு முழுதும் துளிர்க்கும் செடி. கொழுந்து பறிக்க நாள்தோறும் ஆள் வேண்டும், பெண்ணின் கை வேண்டும், குடும்பமே வேண்டும். போய்வரும் கூட்டத்தைக் குடியேறிய மக்களாக மாற்றியது அந்தச் செடிதான். லயன் என்னும் நீண்ட கொட்டிலிலே, பத்தடி அறையிலே, அடுப்பும் பாயும் தொட்டிலும் ஒருங்கே வைத்து வாழ்ந்த வாழ்வு அப்போது வேர்விட்டது.

கங்காணி முறையைப் பற்றி ஒரு சொல். துரையை மட்டும் ஏசிவிட்டுப் போவது நமக்கு எளிது. ஆனால் ஊருக்கு வந்து ஆள் திரட்டியவன் யார்? முன்பணம் கொடுத்தவன் யார்? பெயருக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவன் யார்? நம்மவன்தான்! பெரும்பாலும் நம் சாதி அடுக்கிலே சற்று மேலே நின்றவன். ஊரிலே இருந்த ஏணியைப் பெயர்த்துக்கொண்டுபோய் மலையிலே சாத்தினார்கள். லயன் அறைகளைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்தார்கள். 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கொடுப்பவருக்கு இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கடனோடு சேர்ந்து ஆள் கைமாறினான். 1921-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. எழுபதாயிரம் பேரின் பெயரை எழுதத் தாள் கிடைக்காத நாட்டிலே, கடனை எழுத மட்டும் தாள் எப்போதும் கிடைத்தது!

தமிழிலே எழுதியவரே இல்லையா என்று கேட்பீர்கள். எழுதினார்கள். 1869-இலேயே ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூல் செய்தார். மலைநாட்டுத் தமிழ் நூல்களிலே மிகப் பழையது என்று அதைப் போற்றுவர். ஆனால் நம்மவர் எழுதியதாயிற்றே என்று மகிழ்ந்து திறந்தால், கும்மி நம்முடையது, குரல் துரையுடையது. தமிழ் எழுத்திலே இருப்பதனால் மட்டும் ஒரு நூல் தமிழ் மக்களின் வரலாறாகிவிடாது என்பதை எனக்கு உணர்த்தியது அந்தச் சிறு நூல்.

மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. தஞ்சை மாவட்டத்திலிருந்து சென்ற கோ. நடேசய்யர் இதழ் நடத்தினார், சங்கம் கட்டினார், சட்டமன்றத்திலே பேசினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களிலே பாடினார். இலங்கையில் இந்தியர் வாழ்வின் நிலை பற்றிய பாடல்களை 1940-இல் நூலாகவே வெளியிட்டார். தோட்டத்துக்குள்ளே வெளியார் நுழைவது குற்றம் எனக் கருதப்பட்ட நாளிலே, மேடையேறிப் பாடிய பெண்! சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்தவர். தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். லயன்களிலே பாட்டிமார் பாடியவற்றைத் தேடித் திரட்டி 1983-இல் நூலாக்கினார். சாரல்நாடன் நடேசய்யரின் வாழ்வையும் மலைநாட்டின் வரலாற்றையும் எழுதினார். இக்கரையிலிருந்து புதுமைப்பித்தன் 1935-இல் 'துன்பக்கேணி' எழுதினார். கண்ணால் காணாத மலையைப் பற்றி எழுதியவர், ஆயினும் அந்தத் துன்பத்தின் ஆழத்தைத் தவறவிடவில்லை.

எழுத்திலே இல்லாமற் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கும் நடைமுறைவாதிகள் உண்டு. வயிறு நிறைந்தால் போதாதா, வரலாறு எதற்கு என்பர். அவர்களுக்கு 1948-ஆம் ஆண்டுதான் விடை.

1947-இல் நடந்த தேர்தலிலே மலைநாட்டுத் தமிழர் தம் பேராளர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேலுப்பிள்ளையும் அவர்களில் ஒருவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. என்ன கேட்டது அந்தச் சட்டம்? நீ இந்த நாட்டிலே பிறந்தது போதாது. உன் தந்தை இங்கே பிறந்தவனா? இல்லையேல் உன் பாட்டனும் அவன் தந்தையும் இங்கே பிறந்தவர்களா? மெய்ப்பிக்க வேண்டும்!

எண்ணிப் பாருங்கள் தோழர்களே. லயன் அறையிலே பிறந்து தேயிலைத் தூரிலே புதைந்தவனின் பிறப்பை எழுதி வைத்தவர் யார்? துரையின் நாய்க்கு வம்சாவளி இருந்தது. பாட்டனின் பெயரை ஏட்டிலே எழுதாதவர்களுடைய நாட்டிலே, அந்தப் பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்கப்பட்டது. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்துவந்த சட்டத்தால் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவர்களின் வரலாறு எழுதப்பட்டிருந்தால் சட்டம் வந்திராது என்று நான் கூறவில்லை. வந்திருக்கும், வாக்கைக் கண்டு அஞ்சியவர்கள் கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் அந்தச் சட்டம் கையிலெடுத்த ஆயுதம் எது என்பதைக் காணுங்கள். எழுதப்படாத ஏடு!

அதன்பின் 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் அமர்ந்து ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது. 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தனர். உங்களுக்கு எந்த நாடு வேண்டும் என்று அந்த மக்களைக் கூட்டிக் கேட்கவில்லை. நூறாண்டுக்கு மேல் தம் உழைப்பால் ஒரு நாட்டை வாழவைத்த மக்கள், கூட்டல் கழித்தல் கணக்காயினர்.

மண்டபம் முகாம் வழியே சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் மண்டபம் முகாம் வழியே திரும்பினார்கள். போகும்போது அம்மைக்கும் வாந்திபேதிக்கும் சோதித்த அதே கரை. கப்பல் 1984-இல் நிற்கும் வரை வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்கென்று தமிழ்நாட்டரசு நீலகிரியிலே காடு திருத்தி 1968 முதல் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. கூடலூரும் கோத்தகிரியும் பந்தலூரும் அவர்களுக்குப் புதிய ஊர்களாயின. மீண்டும் காடு, மீண்டும் செடி, மீண்டும் லயன். அங்கே 'இந்தியக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்களை இங்கே 'சிலோன்காரர்' என்று அழைத்தோம். இந்தக் குற்றத்தை எந்தத் துரைமீதும் சுமத்த வழியில்லை.

நான் பணியாற்றும் பள்ளி அத்தகைய ஒரு தோட்டத்தின் ஓரத்திலே இருக்கிறது. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் 'எம் ஊர் வரலாறு' என்று நான்கு பக்கம் எழுதி வாருங்கள் என்றேன். பாடத்திட்டத்திலே இல்லாத வேலை. ஆர்வக் கோளாறு என்று மூத்த ஆசிரியர்கள் நகைத்தனர். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, எந்த ஊரை எழுதுவது? நாங்கள் இருக்கும் ஊரையா? பாட்டி சொல்லும் ஊரையா?"

எனக்கு விடை கூறத் தெரியவில்லை. கல்லூரியிலே மூன்றாண்டு வரலாறு படித்தேன். பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை உறக்கத்திலே கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தப் பாடத்திலும் விடை இருந்ததில்லை. "இரண்டையும் எழுது" என்றேன்.

அன்று முதல்தான் இந்த ஏடுகளைத் தேடத் தொடங்கினேன். தேடும்போது மகிழ்ச்சியளித்த செய்திகளும் கிடைத்தன. கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளிலேயே தேயிலைத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் 2007-இல் அமைந்திருக்கிறது. கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் அங்கே காட்சிப் பொருள்கள். 2023-இல், முதல் கூட்டம் சென்று இருநூறாண்டு ஆனதையொட்டி, மலைநாட்டு மக்களும் அவர்களின் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த அதே பாதையிலே, சூலை இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுவரை நடந்தே சென்றார்கள். நடந்தவர்களிலே சிங்களரும் முசுலிம்களும் உண்டு. ஏட்டிலே எழுதப்படாத பாதையைக் காலாலே எழுதிக் காட்டினார்கள்.

இக்கரையிலே நாம் என்ன எழுதினோம்? இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் எந்தெந்தச் சிற்றூரிலிருந்து எத்தனை குடும்பங்கள் சென்றன? யாருடைய கொல்லை அடைமானமாயிற்று? திரும்பி வந்தவர்களுக்கு அந்த ஊரிலே யார் கதவு திறந்தது, யார் கதவு அடைத்தது? ஊர்தோறும் பழங்கணக்கு உண்டு, வாய்மொழி உண்டு, இன்னும் உயிரோடு முதியவர்கள் உண்டு. கோயிற் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் அன்பர்கள் பலரை அறிவேன். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். கல்லைப் படிப்பது போலவே கிழவியையும் படிக்கலாகாதா? கல் இன்னும் ஆயிரமாண்டு காத்திருக்கும். கிழவி காத்திருக்க மாட்டாள்.

அந்த மாணவி இரு வாரம் கழித்துத் தன் குறிப்பேட்டைக் கொணர்ந்தாள். இங்கிருக்கும் ஊரைப் பற்றி ஒரு பக்கம். பாட்டி சொன்ன ஊரைப் பற்றி ஆறு பக்கம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று, இரண்டையும் எழுதியிருந்தாள். லயனில் எத்தனை அறை, எந்த அறையில் யார், கங்காணி பெயர் என்ன, பிரட்டுக் களத்தில் தப்படிக்கும் நேரம் எது, எந்தத் தேயிலை நிரையின் கீழே பாட்டியின் தாயைப் புதைத்தார்கள் என்பது வரை இருந்தது. குடும்ப அட்டையைப் பார்த்துக் கப்பலேறிய தேதியையும் குறித்திருந்தாள். அதற்குப் பின்னே பாட்டனின் பாட்டன் பெயரை எழுதி, அவர் புறப்பட்ட ஊர் என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தாள்.

ஏன் என்று கேட்டேன். "பாட்டிக்கு ஊரின் பெயர் மறந்துவிட்டது ஐயா. ஊருக்குக் கிழக்கே ஒரு கண்மாயும், கரையிலே மூன்று பனையும் உண்டாம். அது எந்த மாவட்டம்?" என்றாள்.